பிஸ்கோவ் நகர நங்கை



உருசிய நாட்டின் வரலாற்று இசைநாடகம் என்றதும், மேனாட்டுச் சங்கீதத்தில் ஓரளவு பழக்கமுடையோர்க்கு நினைவில் எழுவது முசோர்க்ஸ்கி இயற்றிய 'பொரிஸ் கொடுனோவ்' என்பதே. அதனோடு ஒரே காலத்தில், ஒரே நகரத்தில், சில மாதங்கள் ஒரே அறையிலும் எழுதப்பெற்ற மற்றுமோர் இசைநாடகம் உண்டு. அஃது உருசியாவுக்கு வெளியே அரிதாகவே மேடையேறுகின்றது. நிக்கொலாய் ரிம்ஸ்கி-கொர்சக்கோவ் என்பார் தமது இருபத்துநான்காம் வயதில் எழுதத் தொடங்கிய 'பிஸ்கோவ் நகர நங்கை' என்பதே அது. 1947ஆம் ஆண்டில் மொஸ்கோ நகரின் பொல்ஷோய் அரங்கக் கலைஞர்கள் இதனைப் பாடிப் பதிவு செய்தனர். அப்பதிவினை அயல்நாட்டு வானொலி நிலையமொன்று அண்மையில் முழுமையாக ஒலிபரப்பக் கேட்டேன். அதன் சங்கீத நுட்பங்களை ஆராயும் தகுதி எனக்கில்லை. வரலாறு கற்பிப்பவன் என்ற முறையில், அந்நாடகம் எந்த வரலாற்றைச் சொல்கின்றது, எதனை மாற்றிச் சொல்கின்றது, எதனைச் சொல்லவிடாது தடுக்கப்பட்டது என்பனவற்றையே இங்கு பேசக் கருதுகின்றேன்.

முதற்கண் ஊரைப்பற்றிச் சில சொல்லல் வேண்டும். உருசியாவின் வடமேற்கு எல்லையில், வெலிக்காயா என்னும் பேராற்றோடு பிஸ்கோவா என்னும் சிற்றாறு கலக்குமிடத்தில் அமைந்தது பிஸ்கோவ் நகரம். மேற்கே இலித்துவேனியரும் ஜேர்மானிய வீரத்துறவியரும் ஓயாது நெருக்கிய எல்லை அது. ஆதலின் அந்நகரத்தார் மதிலுக்குமேல் மதிலாகக் கல்லாற் கட்டி வாழ்ந்தனர். நொவ்கொரொட் என்னும் பெருநகரத்துக்கு அடங்கியிருந்த இவ்வூர், 1348ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையினால் அதன் 'இளைய சகோதரன்' எனத் தனிநிலை பெற்றது. இவ்விரு நகரங்களிலும் இளவரசன் இருந்தான்; எனினும் ஆட்சி அவன் ஒருவன் கையில் இருக்கவில்லை. 'வேச்சே' எனப்படும் குடிமக்கள் மன்று கூடியே போரையும் அமைதியையும் தீர்மானித்தது. திரித்துவப் பேராலயத்தின் அருகே தொங்கிய மணி ஒலித்ததும் ஊரவர் முற்றத்தில் திரள்வர். அம்மணியே அவர்களுடைய உரிமையின் அடையாளம்.

மொஸ்கோ நகரத்து அரசர் வலுப்பெற்றபோது இம்மணிகளுக்குக் காலம் முடிந்தது. 1478இல் மூன்றாம் இவான் நொவ்கொரொட்டைப் பணியவைத்து அதன் மன்றுமணியை மொஸ்கோவுக்குக் கொண்டுசென்றான். அப்போரிலே மூத்த சகோதரனுக்கு எதிராக மொஸ்கோவுக்குத் துணைநின்றது பிஸ்கோவ் என்பதை மறத்தலாகாது. அதன் பயனை அது முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின் அனுபவித்தது. 1510ஆம் ஆண்டு, இவானின் மகன் மூன்றாம் வசீலி, முறையீடுகளைக் கேட்பதாகச் சொல்லிப் பிஸ்கோவின் பெருமக்களை நொவ்கொரொட்டுக்கு அழைத்துச் சிறைப்படுத்தினான். பின்னர் தன் செயலாளன் ஒருவனை அனுப்பி, மன்றுமணியை இறக்குமாறு ஊராருக்குக் கட்டளையிட்டான். ஊரவர் மறுமொழி கூற ஓரிரவு தவணை கேட்டனர். அவ்விரவு நகரமெங்கும் அழுகுரல் எழுந்தது என்று அவ்வூர் வரலாற்றேடு கூறுகின்றது. மறுநாள், சனவரி 13ஆம் திகதி, மணி இறக்கப்பட்டது. 300 குடும்பங்கள் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, அவர்களிடத்தில் மொஸ்கோ நாட்டார் குடியேற்றப்பட்டனர். ஒரு வாள்கூட உறையிலிருந்து எடுக்கப்படவில்லை. வரலாற்று நூல்களிலே இதற்கு ஒரு வரிக்கு மேல் இடங் கிடைப்பதில்லை.

பாட்டனும் தந்தையும் செய்தவற்றுக்கு மேலாகச் செய்ய வந்தவன் பேரனாகிய நான்காம் இவான். 1547இல் சார் மன்னனாக முடிசூடிய இவனை ஆங்கில நூல்களைப் பின்பற்றி நாம் 'கொடிய இவான்' என்கிறோம். 'குரோஸ்னி' என்னும் உருசியச் சொல்லுக்கு அச்சமூட்டுபவன், வெருவரத் தோன்றுபவன் என்பதே பொருள். அதில் இகழ்ச்சியோடு ஒருவகை வணக்கமும் கலந்திருக்கின்றது. 1565இல் இவன் 'ஒப்பிரிச்னினா' என்ற தனிப்படையையும் தனிநிலத்தையும் ஏற்படுத்திக்கொண்டான். அப்படையினர் கருநிற உடையணிந்து, நாயின் தலையையும் துடைப்பத்தையும் சின்னமாகக் கொண்டு திரிந்தனர். 1569 சனவரியில், பிஸ்கோவுக்கு அண்மையிலுள்ள இஸ்போர்ஸ்க் கோட்டை பகைவர் கையில் வீழ்ந்தது. மொஸ்கோவிலிருந்து தப்பியோடிய ஒருவன் ஒப்பிரிச்னினா வீரர்போல் வேடமிட்டு வந்து கதவைத் திறப்பித்தான். இவானின் ஐயம் எல்லையோர நகரங்கள்மேற் பாய்ந்தது. அவ்வாண்டிலேயே பிஸ்கோவிலிருந்தும் நொவ்கொரொட்டிலிருந்தும் பல நூறு குடும்பங்கள் அகற்றப்பட்டன.

1570 சனவரியில் மன்னன் படையோடு நொவ்கொரொட்டுக்குள் நுழைந்தான். போலந்து அரசனோடு கூடிச் சதி செய்தனர் என்பது குற்றச்சாட்டு. பேராயர் பீமென் இழிவுபடுத்தப்பட்டுப் பதவி பறிக்கப்பட்டார். ஐந்து வாரங்களுக்கு மேலாக மக்கள் வதைக்கப்பட்டனர். வொல்கோவ் ஆற்றின் பனிநீரிலே தள்ளப்பட்டனர். பழைய ஏடுகள் பதினாயிரக் கணக்கிலே இறந்தோரைக் கூறும். பிற்கால ஆய்வாளர் பலர் அத்தொகையை மிகக் குறைப்பர். அவ்விவாதத்துக்கு உதவும் ஒரு விந்தையான சான்றைப்பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

பெப்ரவரியில் அவன் பிஸ்கோவை நோக்கித் திரும்பினான். ஆனால், நொவ்கொரொட்டில் நிகழ்ந்தது அங்கே நிகழவில்லை. ஏன்? இவ்வினாவின் மீதே நம் இசைநாடகம் எழுப்பப்பட்டிருக்கின்றது. வரலாற்றேடுகள் தரும் விடை வேறு. ஊருக்குப் புறத்தே லியுபியாத்தோவோ என்னும் இடத்திலுள்ள மடத்தில் மன்னன் இரவு தங்கியபோது, பிஸ்கோவின் ஆலய மணிகள் ஒருங்கே ஒலித்தனவாம். அது கேட்டு அவன் மனம் சற்று இளகிற்றாம். காலையிலே நகராளுநரான இளவரசர் யூரி தொக்மக்கோவின் சொற்படி, மக்கள் தத்தம் வாயில்களில் மேசையிட்டு, அப்பமும் உப்பும் வைத்து முழந்தாளிட்டு வரவேற்றனர். பின்னர் நிக்கோலா என்னும் சித்தர், நோன்புக் காலமென்றும் பாராது பச்சை இறைச்சித் துண்டொன்றை மன்னனிடம் நீட்டினாராம். நோன்பில் ஊன் உண்ணேன் என்றான் மன்னன். மனிதரையே தின்கின்றவனுக்கு இதில் என்ன தடை என்ற கருத்துப்பட மறுமொழி கூறினாராம் சித்தர். இச்செய்தியை அந்நூற்றாண்டில் உருசியாவுக்குச் சென்ற ஆங்கிலேயரும் எழுதிவைத்தனர். இன்றைய வரலாற்றாசிரியர் சிலர் இவ்வளவு உருக்கத்துக்கு இடந்தருவதில்லை. ஐயத்துக்குரிய குடும்பங்கள் முந்திய ஆண்டிலேயே பெயர்க்கப்பட்டமையால் தண்டிக்க எஞ்சியோர் சிலரே என்பர். பிஸ்கோவ் முற்றாகத் தப்பியதும் அன்று. ஆலயங்களின் செல்வம் கவரப்பட்டது. பெச்சோரி மடத்தின் தலைவர் கொர்னீலி அம்மாதம் 20ஆம் திகதி உயிர்துறந்தார். மன்னனே அவரைக் கொன்றான் என்பது அவ்வூர் மரபு.

இனி நாடகத்துக்கு வருவோம். லெவ் மேய் (1822–1862) என்னும் புலவர் இந்நிகழ்ச்சியை வைத்துச் செய்யுள் நாடகம் ஒன்று எழுதினார். அவர் கண்ட விடை, மணியுமன்று, சித்தருமன்று, ஒரு பெண். நகராளுநர் தொக்மக்கோவின் மகளாக வளர்பவள் ஒல்கா. அவள் உண்மையில் அவருடைய மைத்துனி வேராவின் மகள். தகப்பன் இன்னாரென ஊரார் அறியார். மிகாயில் தூச்சா என்னும் இளைஞன்மேல் அவள் அன்பு வைத்திருக்க, முதியவனான மத்தூத்தா என்னும் பிரபுவுக்கு அவளைக் கொடுக்க ஒழுங்கு செய்யப்படுகின்றது. இதற்கிடையே நள்ளிரவில் மணி ஒலிக்கின்றது. மன்றிலே நொவ்கொரொட்டிலிருந்து ஓடிவந்த தூதன் அந்நகரத்தின் அழிவைக் கூறுகின்றான். பணிந்து வரவேற்போம் என்கின்றார் தொக்மக்கோவ்; பணியோம் என்று இளைஞரைத் திரட்டிக்கொண்டு காட்டுக்குப் புறப்படுகின்றான் தூச்சா. மன்னன் வருகின்றான். விருந்தளிக்க வந்த ஒல்காவின் முகத்தில் வேராவின் சாயலைக் கண்டு திடுக்கிட்டு, அவள் தாய் யாரென வினவி, அவள் தன் மகளே என்று தெரிந்துகொள்கின்றான். கொலை நின்றது, ஊர் பிழைத்தது. ஆயினும் கதை அங்கே முடியவில்லை. காட்டிலே மன்னனின் கூடாரத்தைத் தூச்சாவின் கூட்டத்தார் தாக்க, அவர்களை நோக்கி ஓடிய ஒல்கா குண்டுபட்டு மாள்கின்றாள். மகளின் உடலைத் தழுவி மன்னன் புலம்ப, பிஸ்கோவ் நகரத்தார் பாடும் இரங்கற்பாவோடு திரை விழுகின்றது.

தொக்மக்கோவ் வரலாற்று மாந்தர், ஒல்கா கற்பனை. இதில் எவர்க்கும் மயக்கம் இராது. ஆனால், வகுப்பறையில் இந்நாடகத்தை எடுத்துக் கூறும் ஆசிரியர் கட்டாயம் சுட்டவேண்டிய பிறழ்ச்சி ஒன்றுண்டு. 1570இலே பிஸ்கோவில் மன்று இல்லை, மன்றுமணியும் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இரண்டும் ஒழிந்தன. மேய் 1510ஆம் ஆண்டின் அழுகையை 1570ஆம் ஆண்டின் அச்சத்தோடு பிணைத்துவிட்டார். ஆண்டுக் கணக்கின்படி இது பிழையே. எனினும் இப்பிழையின்றேல் அந்நாடகத்தின் தலைசிறந்த காட்சி இல்லை. 1510இல் ஓரிரவு தவணை கேட்டு அழுத மக்கள் மறுநாள் எதிர்க்கவில்லை. நாடகத்திலே அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு எதிர்ப்பதா பணிவதா என்று உரக்க வாதிடும் வாய்ப்பு அளிக்கப்படுகின்றது. நான் இதனை மன்னிக்கத்தக்க பிழையென்றே கொள்வேன். மாணவர் மன்னிக்குமுன் தெரிந்துகொள்ளுதல் வேண்டும் என்பதே என் கட்சி.

ரிம்ஸ்கி-கொர்சக்கோவ் 1844இல் திக்வின் என்னும் ஊரிற் பிறந்தவர். அது நொவ்கொரொட் மாகாணத்தைச் சேர்ந்தது. எனவே பழைய குடியரசு நிலத்தின் பிள்ளை அவர். தொழிலாற் கடற்படை அதிகாரி. நாடகத்தில் இவான் மன்னனைக் குறிக்கும் கனத்த பண், தம்மூர் மடத்துத் துறவியர் பாடக் கேட்ட பழைய கீதங்களிலிருந்து பிறந்தது என்று தம் நினைவு நூலிலே கூறுகின்றார். 1871இன் இலையுதிர் காலம் தொட்டு அவரும் முசோர்க்ஸ்கியும் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் ஓரறையிற் குடியிருந்தனர். இருந்தது ஒரு பியானோ. முற்பகலில் முசோர்க்ஸ்கி அதனை வாசிப்பார்; நண்பர் ஏட்டுப் பணியிலிருப்பார். நண்பகலில் முசோர்க்ஸ்கி தமது அரசாங்கக் காரியாலயத்துக்குச் சென்றதும், பியானோ மற்றவர்க்கு. இவ்வாறு ஒருவர் கையில் பொரிஸ் மன்னனும் மற்றவர் கையில் இவான் மன்னனும் வளர்ந்தனர்.

நாடகம் முடிந்ததும் தணிக்கை அதிகாரிகள் குறுக்கிட்டனர். முதலாம் நிக்கலஸ் மன்னன் 1837இல் இட்ட கட்டளையொன்று நடைமுறையில் இருந்தது. ரொமானொவ் குலத்து மன்னரை எவ்வகை மேடையிலும் காட்டலாகாது. அதற்கு முற்பட்ட மன்னரைப் பேச்சு நாடகத்திற் காட்டலாம், இசைநாடகத்திற் காட்டலாகாது. காரணம் வினவிய இளைஞருக்குக் கிடைத்த விடை, மன்னர் திடீரெனச் சில்லறைப் பாட்டொன்றைப் பாடிவிட்டால் அழகாயிராது என்பதே. களரிக்கு வரும்போதே வரவுப்பாட்டுப் பாடி வரும் கூத்து அரசர்களைக் கண்டு பழகிய நமக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆயினும் அச்சத்தில் ஒரு கூர்மை இருந்தது. பேசும் மன்னன் கட்டளையிடுவான்; பாடும் மன்னனோ தன் நெஞ்சைத் திறந்துவிடுவான்.

அத்தடையை விலக்கியது கலைக்கழகமன்று, கடற்படை. கடற்படை அமைச்சர் கிராபே தம் அதிகாரியின் பொருட்டு முயன்றார். பேரரசரின் சகோதரரும் கடற்படைத் தலைவருமாகிய கொன்ஸ்தந்தீன் பெருங்கோமகன் தலையிட்டார். இவான் பாட அனுமதி கிடைத்தது. இரண்டாவது கட்டளை தப்பவில்லை. பிஸ்கோவிலே குடியரசு முறை இருந்தது என்பதற்கான குறிப்புகள் அனைத்தும் நீக்கப்படல் வேண்டும். மன்று கூடும் காட்சி வெறும் கலகக் காட்சியாக மாற்றப்படல் வேண்டும் என்றனர். மணியை இறக்கி 360 ஆண்டுகளுக்கு மேலாகியும் அம்மன்றின் பெயரைப் பாட்டில் கேட்கத் தலைநகரம் அஞ்சிற்று. மன்று என்றால் முறைப்படி கூடியவர். கலகம் என்றால் முறை தவறியவர். ஒரு சொல் மாற்றத்தால் குடிமக்கள் குற்றவாளிகளாயினர். இத்தகைய சொல் மாற்றங்களைப் பிற நாட்டு வரலாறுகளிலும் தேடிப் பார்ப்பது வரலாற்று மாணவர்க்கு நல்ல பயிற்சி.

1873 சனவரி முதலாம் திகதி, பழைய பஞ்சாங்கப்படி, மரியின்ஸ்கி அரங்கிலே நாப்ராவ்னிக் நெறிப்படுத்த நாடகம் அரங்கேறியது. புகழ்பெற்ற பாடகர் ஒசிப் பெத்ரோவ் இவானாகப் பாடினார். தணிக்கையின் நோக்கம் நிறைவேறியதா? மருத்துவ மாணவர் தம் கழகத்து நடைபாதைகளிலே தூச்சாவின் கூட்டத்தாருடைய பாட்டை உரக்கப் பாடித் திரிந்ததாக நூலாசிரியரே எழுதுகின்றார்.

அவர் தம் முதற் படைப்பில் நிறைவு காணவில்லை. இருமுறை திருத்தி எழுதினார். 1892இல் முடித்த மூன்றாம் வடிவமே இன்று பெரிதும் பாடப்படுவது. 1896இல் மொஸ்கோவில் மாமொந்தோவின் தனியார் அரங்கிலே இளைஞரான சாலியாப்பின் இவான் வேடம் பூண்டு பெயர்பெற்றார். 1909இல் தியாகிலெவ் அதனைப் பாரிசுக்குக் கொண்டுசென்றபோது 'கொடிய இவான்' என்று பெயரை மாற்றினார். நங்கையும் நகரமும் தலைப்பிலிருந்து மறைந்தமை எனக்கு உவப்பானதன்று. அயலூரில் நுழைவுச்சீட்டு விற்கவேண்டும் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

1947ஆம் ஆண்டுப் பதிவுக்கும் அதன் காலப் பின்னணி ஒன்றுண்டு. ஸ்டாலின் ஆட்சியில் இவான் மன்னன் நாட்டை ஒருமைப்படுத்திய மாவீரனாகப் போற்றப்பட்டான். அவனைப்பற்றி ஐசன்ஸ்டைன் எடுத்த திரைப்படத்தின் இரண்டாம் பகுதி, மன்னனை ஐயமும் தளர்ச்சியும் உடையவனாகவும் ஒப்பிரிச்னினாப் படையினரைக் கொடியோராகவும் காட்டியது என்று 1946இல் கண்டிக்கப்பட்டு, 1958வரை திரைக்கு வரவில்லை. அதற்கு மறு ஆண்டே, செமியோன் சாகரோவ் நெறிப்படுத்த, அலெக்சாந்தர் பிரோகோவ் இவானாக அழுது பாடிய இப்பதிவு உருவாயிற்று. நூலோ எழுபத்தைந்து ஆண்டுப் பழைமை உடையது. தேசிய இசை மேதை எழுதியது. படத்திற் பொறுக்கப்படாத தளர்ச்சி பாட்டிற் பொறுக்கப்பட்டது.

வானொலியிற் கேட்பதால் இந்நாடகத்துக்கு இழப்பு உண்டா? குதிரைமேல் வரும் மன்னனையும், அப்பத்தட்டோடு முழந்தாளிடும் மக்களையும் காண முடியாது. ஆனால் இழப்பினும் பேறு மிகுதி என்பேன். நாடகத்தின் ஏறக்குறையப் பாதிவரை இவான் ஒரு சொல்லும் பாடுவதில்லை. அவனைப்பற்றிப் பிறர் பேசும்போதெல்லாம் வாத்தியங்களிலே அத்துறவியர் பண் தாழ்ந்த குரலில் எழுகின்றது. செவிச்செல்வம் ஒன்றையே நம்பியிருக்கும் நமக்கு, காணாத மன்னனிடம் பிஸ்கோவ் மக்கள் கொண்ட அச்சம் அப்படியே வந்தெய்துகின்றது. மன்றுக் காட்சியிலே மக்கள் ஒரே குரலாகப் பாடுவதில்லை. கூட்டங் கூட்டமாகப் பிரிந்து, ஒருவர் சொல்லை மற்றவர் மறித்துக் கூவுகின்றனர். அடியில் மணி விடாது அடிக்கின்றது. மொழி தெரியாதவர்க்கும் அங்கே ஓர் ஊர் தன் விதியைப்பற்றி வாதிடுகின்றது என்பது விளங்கும். தணிக்கையாளர் நீக்கச் சொன்ன சொற்கள் நீங்கியிருந்தாலும், அந்தக் குரல்களின் ஒழுங்கிலே மன்று இருந்துகொண்டே இருந்திருக்கும்.

மகளைக் கண்டு மனமிரங்கிய மன்னன் என்ற நாடகத்தின் விடையை வரலாற்றாசிரியர் ஏற்கார். அதில் ஒரு தீமையும் உண்டு: ஓரூரின் உயிர் ஒருவன் குடும்பப் பாசத்திலே தொங்கிற்று என்றால், அவ்வூரார் தம் பொருட்டுச் செய்தவை யாவும் வீணென்றாகிவிடும். தொக்மக்கோவின் நிதானமும், வாயில்களில் மேசையிட்ட மக்களின் அடக்கமும், முந்திய ஆண்டில் வேரோடு பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் துயரும் ஒல்காவின் முகத்துக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. இன்னொன்றும் நோக்கத்தக்கது. பிஸ்கோவை 1581இல் போலந்து மன்னன் ஸ்டீபன் பாத்தொரி பெரும்படையோடு முற்றுகையிட்டான். மாதக் கணக்காக நகரத்தார் மதில்மேல் நின்று பொருதனர், நகரம் வீழவில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன் துரோகிகளென ஐயுறப்பட்டவர்களே இவானின் எல்லையைக் காத்தனர்.

இவான் அழுதது பொய்யுமன்று. ஆனால் அழுதது மகளுக்காக அன்று. 1581இல் தன் மூத்த மகனைத் தன் கையாலே அடித்து வீழ்த்தினான்; மகன் இறந்தான். அதன்பின், தன் ஆணையால் மாண்டோரின் பெயர்களைக் காரியாலயப் பதிவேடுகளிலிருந்து திரட்டி, அவர்களுக்காக வேண்டுதல் செய்யுமாறு மடங்களுக்குப் பொருளோடு அனுப்பினான். முன்னர் யான் குறித்த விந்தையான சான்று அதுவே. அவ்வேட்டில் நொவ்கொரொட் நகரத்துக்குரிய பதிவொன்று, மன்னனின் ஏவலாளன் மல்யூத்தா கொடுத்த கணக்கின்படி எழுதப்பட்டிருக்கின்றது: வெட்டுண்டவர் 1,490 பேர், துப்பாக்கியால் மாண்டவர் 15 பேர். அவர்களிற் பெரும்பாலோரின் பெயர்களை எழுதுவோர் அறிந்திருக்கவில்லை. ஆதலின், பெயர்களை இறைவனே அறிவான் என்று குறித்து, மடத்துத் துறவியர் அத்தொகையை வைத்தே வேண்டுதல் செய்தனர்.